பத்தொன்பது நாள் தூரம்

தாழைத்துறையில் மாதா கோயில் திருவிழா முடிந்து கொடி இறங்கிய மறுநாள் காலை, கரையில் ஏலம் கூறுகிற அமலோற்பவம் ஒரு கூறு சீலா மீனுக்கு விலை சொல்ல வாய் திறந்தாள், வாய் அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, வலது கை வழக்கம்போல் காற்றை வெட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. வாங்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், மீன் காத்துக்கொண்டிருக்காது என்பதால் வேறொருத்தியை நிறுத்திக் கூறச் சொன்னார்கள், ஐஸ் வண்டிகள் நிறைந்து புறப்பட்டுப் போயின. எல்லாம் ஓய்ந்து செதிலும் காக்கையும் மட்டும் மிஞ்சிய பத்து மணிக்கு, காலையில் அவள் நின்ற அதே இடத்திலிருந்து, ஆள் இல்லாமல், அவள் குரல் மட்டும் எழுந்து அந்தச் சீலாவை ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை என்று கூறி முடித்தது. காக்கைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டன.

ஊர் இதற்கு அரண்டுபோகவில்லை. கடலில் பிழைக்கிறவர்களுக்குச் சத்தம் பிந்தி வருவது ஒரு புதுமையா என்ன? தூரத்து வள்ளத்தில் ஒருவன் சுத்தியலால் ஆணி அடிப்பது முதலில் கண்ணுக்குத் தெரியும், அவன் அடுத்த அடிக்குக் கை ஓங்கும்போதுதான் முதல் அடி காதுக்கு வரும். மின்னல் வெட்டியதும் விரல் மடக்க ஆரம்பித்து, இடி வந்ததும் மழை எத்தனை மைலில் நிற்கிறது என்று சொல்லிவிடுகிற ஆட்கள் அவர்கள். அதனால் அமலோற்பவத்தின் பக்கத்து வீட்டுக்காரி சபீனா தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு சொன்னதே ஊரின் தீர்ப்பாகவும் ஆனது.

"அக்கா தூரத்துல நிக்கா. அவ்வளவுதான்."

அமலோற்பவத்தின் புருசன் கஸ்பாருக்கு அது தொண்டைக் கோளாறாகத்தான் பட்டது. நாற்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருசக் கல்யாணம், காலையில் கடல், மத்தியானம் தூக்கம், சாயந்தரம் வலைக் கொட்டகை என்று வாழ்கிறவன். பெண்டாட்டியின் குரல் கரையிலிருந்து வள்ளம் வரைக்கும் கேட்கும் என்பதில் அவனுக்குப் பெருமை உண்டு, அந்தக் குரல் வருகிற வாயை அவன் உற்றுப் பார்த்ததில்லை. டவுனில் தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை சுத்தமா இருக்குப்பா" என்று அனுப்பிவிட்டார்.

ஆவணியில் ஒன்றரை மணி நேரமாக இருந்த பிந்தல் ஐப்பசியில் அரை நாளாயிற்று, அடைமழைக்குள் ஐந்து நாளாயிற்று, கிறிஸ்துமசுக்குள் பத்தொன்பது நாளாகி அங்கேயே நின்றுவிட்டது. சொல் பிறந்த இடத்தில்தான் வந்து சேரும் என்பதை ஊர் சீக்கிரமே கண்டுகொண்டது. அடுப்படியில் சொன்னது அடுப்படியில், தெருவில் சொன்னது தெருவில். மளிகைக் கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தே சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பத்தொன்பது நாள் கழித்து அவள் குரல் வந்து வேறு சாமான் கேட்கும்போது தலையில் அடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். பங்குச் சாமி ரொம்பவும் சங்கடப்பட்டார். அவள் பாவசங்கீர்த்தனம் பண்ணிய சொற்கள் வேறு யாரோ முழந்தாளிட்டிருக்கும்போது வந்துவிடக் கூடாதே என்று, நாளையும் மணியையும் குறித்துவைத்து, அன்றைக்கு அந்தப் பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பூட்டித் தானே தனியாக உள்ளே உட்கார்ந்து கேட்டு மன்னிப்பு வழங்கினார். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் ஜெரோம் போன் பண்ணினால் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்கும், கஸ்பார் நாளை எண்ணி வைத்து, உரிய நேரத்தில் அவனைக் கூப்பிட்டு, ஆளில்லாத நாற்காலிக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பான், குரல் வரும், "சாப்பிட்டியா மக்கா" என்று கேட்கும்.

செபமாலை விசயத்தில்தான் ஊர் மிகவும் இளகிப்போனது. அந்தக் கரையில் செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் உள்ள செபத்தை ஒருவர் முதல் பாதி சொல்ல, மற்றவர்கள் மறுபாதி சொல்லி முடிக்க வேண்டும், பாதியில் விட்ட செபம் வீட்டுக்கு ஆகாது. வீட்டில் எப்போதும் முதல் பாதி சொல்கிறவள் அமலோற்பவம். இப்போது அவளுடைய முதல் பாதிகள் கண்ட நேரத்தில் வந்தன, சுவருக்கு இந்தப் பக்கம் மீன் கழுவுகிற பெண்ணும், அந்தப் பக்கம் தெருவில் சைக்கிள் தள்ளிப் போகிறவனும், காதில் விழுந்த மாத்திரத்தில் நின்று மறுபாதியைச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

ஆனால் ஊரின் பெருந்தன்மைக்குள்ளேயே ஒரு கோளாறும் வளர்ந்தது. அமலோற்பவத்தின் உதடு அசையும்போது யாரும் நிற்பதில்லை என்று ஆகிவிட்டது. எப்படியும் வரும்தானே. "பெறவு கேட்டுக்கிடுதோம்க்கா" என்று சொல்லிவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள், கஸ்பாரும் அப்படியே போனான். எழுதிக் காட்டச் சொல்லி ஒரு நோட்டைக் கொடுத்தார்கள், அவள் பேனாவைப் பிடித்தபடி மத்தியானம் வரை இருந்து "ஒண்ணுமில்ல" என்று எழுதி மூடி வைத்தாள். அவள் குளிப்பது குறைந்தது, சோறு தட்டில் காய்ந்தது, பகலெல்லாம் தென்கிழக்கே கடலைப் பார்த்தபடி கட்டிலில் கிடந்தாள்.

மருந்து சொல்லாத வாய் அந்த ஊரில் இல்லை. கஸ்பாரின் அக்கா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். சித்த வைத்தியர் லேகியம் கிண்டிக் கொடுத்தார். மூன்று நாள் தியான இல்லத்துக்கு வேன் பிடித்துக் கூட்டிப் போனார்கள், அங்கே கை வைத்துச் செபித்தவர் "விசுவாசம் பத்தாது" என்று கஸ்பாரிடம் சொன்னார், அதைக் கேட்டபோது அமலோற்பவத்தின் கண்ணிலிருந்து நீர் உடனே வந்தது, அது பிந்தவில்லை. வேலை கொடுத்தால் சரியாகும் என்றார்கள், சும்மா விட்டால் சரியாகும் என்றும் அவர்களே சொன்னார்கள். பங்குப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சத்தம் ஓடுகிற வேகத்தைப் பத்தொன்பது நாளால் பெருக்கிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சந்திரனையும் தாண்டிட்டாங்க கஸ்பார்" என்றார்.

கஸ்பார் வாத்தியாரின் கணக்கை விட்டுவிட்டான், திசையை மட்டும் எடுத்துக்கொண்டான். தென்கிழக்கேதானே பார்த்துக்கொண்டே கிடக்கிறாள், அப்படியானால் அங்கேதான் நிற்கிறாள். தூரத்தில் நிற்கிற ஆளை வள்ளம் கொண்டுபோய்த்தான் கூட்டி வர வேண்டும். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது, அந்தக் கரையில் பிறந்தவனுக்கு இதைவிட நேரான யோசனை கிடையாது. தை மாதத்து ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சான் லெயோனைக் கூட்டிக்கொண்டு, இரண்டு கேன் டீசலோடு வீட்டை விட்டு இறங்கினான். அமலோற்பவம் எழுந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு நெடுநேரம் அசைந்தது.

"உன்னத் தேடித்தான் போறேன். சொல்லுறத வந்து கேட்டுக்கிடுதேன்" என்றான் கஸ்பார்.

அன்று முழுக்க அவர்கள் தென்கிழக்கே ஓடினார்கள். கரை மறைந்தது, பச்சைத் தண்ணீர் நீலமாகி, நீலம் கறுத்தது, டீசல் பாதியானபோது லெயோன் எஞ்சினை நிறுத்தினான். கஸ்பார் வள்ளத்தின் முனையான அணியத்தில் நின்று இரண்டு கையையும் வாயில் குவித்து அமலி, அமலி என்று கூப்பிட்டான்.  "மாமா, அக்கா வீட்டுலல்லா இருக்கா" என்று லெயோன் மெதுவாகச் சொன்னான். அழுதுகொண்டேதான் கஸ்பார் திரும்பி வந்தான், வெறுங்கையோடு கரையேறியபோது அவள் கட்டிலில் அதே பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள், சேலையின் கரை முழங்கால் வரை நனைந்து காய்ந்திருந்தது. அதை அவன் பார்த்தான், ஏன் என்று கேட்கவில்லை.

அந்த வாரம் ஊருக்கு வந்த சுகாதார நர்சு, எங்கெங்கே போனீர்கள் என்று விவரம் கேட்டுவிட்டு, "எல்லா இடத்துக்கும் போயிருக்கீங்க, மனசு டாக்டர்கிட்ட மட்டும் போகல" என்றார். பெரியாஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைதோறும் அந்த டாக்டர் இருப்பார் என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

டாக்டர் செண்பகவல்லி பிந்தி வரும் குரலைப் பற்றி ஆச்சரியப்படவில்லை. "எவ்வளவு நாளா இப்படி?" என்று மட்டும் கேட்டார்.

"கொடியிறக்கத்துலேருந்து, அஞ்சு மாசம்."

"சத்தத்தைக் கேக்கல. இவங்க நல்லா சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?"

கஸ்பார் யோசித்தான். ஜெரோமுக்குப் பிறகு ஒரு பெண்பிள்ளை பிறந்து பதினோரு நாளில் போயிற்று, அதற்குப் பின்னால் அவள் ஏலம் கூறினாள், சமைத்தாள், கல்யாண வீடுகளுக்குப் போனாள், எல்லாரும் சிரித்து முடித்த பிறகு ஒரு கணம் கழித்துச் சிரித்தாள். அந்த ஒரு கணத்தை அவன் கவனித்திருக்கிறான், அவள் சுபாவம் என்று நினைத்திருந்தான். பதினாலு வருசம் என்று முதலில் பத்து விரலையும் பிறகு நாலு விரலையும் காட்டினான்.

டாக்டர் அவனைக் கால்மணி நேரம் வெளியே நிறுத்திவிட்டு அவளோடு தனியாக இருந்தார். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்.

"இது நோய். குணத்தோட கோளாறும் இல்ல, விசுவாசத்தோட கோளாறும் இல்ல. மாத்திரை வேலை செய்ய நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். இது கேக்கலன்னா வேற மாத்திரை இருக்கு, நீங்களா நிறுத்தக் கூடாது. மாத்திரையை நீங்களே கையில வச்சு வேளாவேளைக்குக் குடுங்க. காலையில வெயில்ல நடக்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு சின்ன வேலை செய்யட்டும், ஒரு சட்டியைக் கழுவினாலும் போதும். முக்கியமா, தனியா விடாதீங்க."

பாலோடு குடிக்கலாமா, சாப்பாட்டுக்குப் பிறகா என்பது மாதிரி, தனியாக விடாதே என்பதையும் ஒரு குறிப்பாகவே கஸ்பார் வாங்கிக்கொண்டான்.

இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தான். அவளுக்கு நாக்கு வறண்டது, தலை சுற்றியது, நடக்கக் கூப்பிட வந்த சபீனாவோடு தெருமுனை வரை போய்த் திரும்பினாள், பிந்தல் ஒரு மணி நேரம்கூடக் குறையவில்லை. அடுத்த சீட்டு வாங்க வேண்டிய செவ்வாய்க்கிழமை காலை அவன் லெயோனிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போவல. இன்னொரு தியான வீடு இருக்காம், வேன் பேசு. இந்த மாத்திரையில ஒண்ணும் இல்ல."

அப்போது மணி ஏழு. அமலோற்பவம் தின்னக் கொடுத்த இட்லியைப் பிய்த்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அடுப்படி நிலையருகே, யாருமில்லாத இடத்தில், அவள் குரல் எழுந்தது.

"இன்னிக்கி போவாதீங்க. இன்னிக்கி மட்டும் வீட்டுல இருங்க. தனியா இருந்தா என்ன செஞ்சிருவேன்னு எனக்கே தெரியல. என்னங்க. ஒரு நாள் இருங்களேன்."

லெயோன் கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டான். கஸ்பாருக்கு அது எந்த நாளின் பேச்சு என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு தான் அந்த நிலைக்கு எதிரே நின்றதும், வந்து கேட்டுக்கொள்கிறேன் என்று சொன்னதும், சந்திரனுக்கு அப்பால் அவளைத் தேடிக் கடலெல்லாம் கத்தியதும், அந்த நேரம் முழுக்க அவள் இந்த வீட்டில் இருந்ததும் அவன் நெஞ்சில் வந்து இடித்தன. சேலைக்கரை நனைந்திருந்ததும் நினைவுக்கு வந்தது. குரல் அதோடு நிற்கவில்லை, கொல்லைப்புறத்தில் ஒரு பெருமூச்சாகக் கேட்டது, அவன் கொல்லைக்கு ஓடினான், தெருவில் சபீனாவின் வாசலில் "சபீனா, இருக்கியா" என்று கேட்டது, அவன் தெருவுக்கு ஓடினான், அவன் பின்னாலேயே எழுந்து வந்த அமலோற்பவம், எச்சில் கையோடு, அவன் வேகத்துக்கு ஈடுகொடுத்து நடந்தாள்.

குரல் மணலைக் கடந்து தூண்டில் வளைவுக்குப் போனது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கும் அந்தக் கரையின் கோடியில், தண்ணீர் ஏறி இறங்குகிற தாழ்ந்த பாறையில் அது போய் உட்கார்ந்தது. கஸ்பார் அந்தப் பாறையை அடைந்து முழங்கால் நனைய நின்றான்.  பிறகு அவள் குரல், ஏலம் கூறுகிற குரலின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத குரல், செபமாலையின் முதல் மணிக்கு முதல் பாதியைச் சொல்லி, நிறுத்தி, காத்திருந்தது.

அன்று அதற்கு மறுபாதி சொல்ல அங்கே யாரும் இருந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவள் எவ்வளவு காத்திருந்தாளோ அவ்வளவு இடைவெளியும் குரலுக்குள் அப்படியே இருந்தது. கஸ்பார் மறுபாதியைச் சொன்னான். இரண்டாவது வந்தது, சொன்னான். மூன்றாவதற்கு வலைக் கொட்டகையிலிருந்து ஆண்கள் எழுந்து வந்து கல்மேல் நின்று சொன்னார்கள், நான்காவதற்கு மீன் கூடைகளை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் சொன்னார்கள், ஐந்து, ஆறு, ஏழு என்று குரல் வந்துகொண்டேயிருக்க, பத்தொன்பது நாள் கடந்து கரை முழுக்கச் சேர்ந்து பதில் சொல்லிக்கொண்டேயிருந்தது, கேட்க வேண்டியவள் கஸ்பாருக்குப் பக்கத்தில் எச்சில் கை காய நின்றிருந்தாள். எட்டாவது நடுவிலேயே அறுந்தது. கரை காத்து நின்றது. வேறொன்றும் வரவில்லை.

சபீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கி நான்தான் கூப்பிட்டேன். குழாயடியில போர்வை அலசிட்டு, பிழிய ஒரு ஆள் வேணும்னு பாத்தா அக்கா இங்க உக்காந்திருக்கா. யக்கா, இந்த முனையைக் கொஞ்சம் பிடியேன்னேன். எந்திரிச்சு வந்தா, பிடிச்சா. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள். மாதாவின் புண்ணியம் என்று ஒருத்தி ஆரம்பித்தாள், யாரும் தொடராததால் நிறுத்திக்கொண்டாள்.

கஸ்பார் தண்ணீரில் நின்றபடியே திரும்பினான். இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாகப் பெண்டாட்டியின் வாயைப் பார்த்தபடி கேட்டான்.

"இப்ப எப்படி இருக்கு அமலி?"

அவள் உதடு அசைந்தது. சின்னப் பேச்சுதான். அவனுக்கு விளங்கவில்லை, ஆனால் பெறவு கேட்டுக்கிடுதேன் என்று அவன் சொல்லவில்லை. உதடு அசைந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான், அதற்குப் பிறகு அவள் காலடிக் கல்லில் உட்கார்ந்தான், அவளும் உட்கார்ந்தாள்.

பத்து மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நடந்ததை அவன் சொல்லி முடித்ததும் டாக்டர், "எனக்கு அது தெரியும்" என்றார். "முதல் நாளே சாகணும்னு தோணுதான்னு கேட்டேன், ஆமான்னு தலையை ஆட்டினாங்க. தலையாட்டல் பிந்தி வராதே."

"நாங்க யாரும் அந்தக் கேள்வியக் கேக்கல டாக்டர்" என்றான் கஸ்பார்.

டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், வாரம் ஒரு நாள் பேசவும் மனநல ஆலோசகரான ஒரு அம்மாவிடம் அனுப்பினார், அவரிடம் அமலோற்பவம் பேசுவதும், பேசியது வந்து சேருகிற நாளில் இருவரும் அதே அறையில் உட்கார்ந்து கேட்பதுமாக அந்த வைத்தியம் நடந்தது.

ஊர் தன் பழக்கத்தை மாற்றிக்கொண்டது. அமலோற்பவத்தின் உதடு அசைந்தால் மளிகைக் கடைக்காரர் தராசை இறக்கி வைத்துவிட்டு நின்றார். காலையில் மூன்று பெண்கள் அவளோடு கலங்கரை விளக்கம் வரை நடந்தார்கள், முன்பு அவள் நடந்த இடங்களிலெல்லாம் முன்பு அவள் சொன்னது எதிரே வந்து நின்றது. தெருமுனையில் ஒரு சோர்ந்த குரல் "கால் இழுக்குது, என்னால ஆவாது, வீட்டுக்குப் போயிருவோம்" என்று சொல்ல, அந்தக் குரலைத் தாண்டி அமலோற்பவம் நடந்து போனாள், போகும்போது அது வந்த திசையைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். சில நாள் அதே முனையில் அவளும் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க மறுத்தாள், அன்றைக்கு அதுவரைக்கும்தான் நடை. பேச்சுகள் நெருங்கி வர ஆரம்பித்தன, ஒரே பகலில் இரண்டு நாள் பேச்சு மூச்சு விடாமல் வந்து அடுப்படியை நிறைத்தது, கஸ்பார் அதை நல்லதென்றும் கெட்டதென்றும் நினைக்கவில்லை, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான்.

தினமும் வெயில் ஏறும் முன்னால் இருவரும் தூண்டில் வளைவுக்குப் போய் அதே கல்லில் உட்கார்ந்தார்கள். எப்படி இருக்கு என்று அங்கே அவன் கேட்ட கேள்விக்குப் பதில் வர வேண்டிய நாளைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருந்தான், அன்று கடலுக்குப் போவதில்லை என்று லெயோனிடமும் சொல்லியிருந்தான். அந்த நாளுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது, நாலாவது வாரத்து மாத்திரை முடிகிற செவ்வாய்க்கிழமை காலையில், அவர்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கையில், அவர்கள் தலைக்கு மேலே இரண்டடி உயரத்தில், நிற்கிற ஆளை நோக்கிச் சொல்கிற மாதிரி, அவள் குரல் வந்தது.

"தெரியலங்க. நிக்காதீங்க, கொஞ்ச நேரம் எங்கூட உக்காருங்க."

கஸ்பார் உட்கார்ந்துதான் இருந்தான்.